வேறுபடும் வசனங்களையும் படிப்போம்

மத நல்லிணக்க மேடைகளில் அன்னை மரியாளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மறைக்கல்வி ஆசிரியையான நானும் பக்கத்து வீட்டு பாயும் இரு வேதங்களையும் சேர்ந்து படிக்கிறோம். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில் தவிக்கிறார்; லூக்காவில் குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார். இதில் சண்டை இல்லை.

கனமான இடம் திருக்குர்ஆன் 4:157. ஈஸா நபி, அதாவது இயேசு, சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது அந்த வசனம். அறையப்பட்டார் என்கின்றன நான்கு நற்செய்திகளும். இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. அதை இருவரும் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டோம். தன் தூதரை இறைவன் அப்படிக் கைவிடமாட்டான் என்று பாய் விளக்கியபோது, அந்த மறுப்புக்குள் இருக்கும் பக்தி எனக்குத் தெரிந்தது. சிலுவை இல்லாமல் என் விசுவாசமே இல்லை என்றேன், பொறுமையாகக் கேட்டார்.

ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இத்தகைய வாசிப்பைச் சேர்ந்தே நடத்த வேண்டும். வெட்டியெடுத்த வசனங்களை வாட்ஸ்அப்பில் பரப்புவோர், முதலில் அந்த அத்தியாயத்தை முழுதாகப் படிக்கட்டும்.