மஞ்சளாகிப் போன மீன் வண்டி

வெள்ளை வெளேரென்று வாங்கிய பொருள் சில ஆண்டுகளில் மஞ்சளித்துப் போவதை நாம் எல்லோரும் நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். சுவரிலுள்ள மின் சுவிட்சைப் பாருங்கள். அழுக்கு என்று எண்ணிச் சோப்பு நீர் தொட்டுத் துடைக்கிறோம். தூசி போகிறது, மஞ்சள் போவதில்லை. ஏனெனில் அது மேலே படிந்த அழுக்கு அன்று. அந்தப் பிளாஸ்டிக்கே அடைந்த மாற்றம்.

இதே மாற்றம், இங்கிலாந்தில் பழைய பொம்மை இரயில்களைச் சேர்த்து வைப்போரை இரு கட்சியாகப் பிரித்திருக்கிறது. மஞ்சளான பெட்டியை மருந்திட்டு வெளுக்கலாம் என்பது ஒரு கட்சி. வெளுக்கக் கூடாது என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவள். அதற்கான காரணங்களை ஒரே ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

லிவர்ப்பூல் நகரில் இருந்த மெக்கானோ நிறுவனம் 1938ஆம் ஆண்டு 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரில் சிறு இரயில்களைச் செய்து விற்கத் தொடங்கியது. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். முதலில் சரக்குப் பெட்டிகள் தகரத்தால் ஆனவை. 1950களின் பிற்பகுதியில் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் அவற்றை வார்க்கத் தொடங்கினர். தகரத்தில் படமாக அச்சிடப்பட்டிருந்த பலகையும் கதவும், பிளாஸ்டிக்கில் தொட்டுப் பார்க்கும்படி புடைத்து நின்றன. அவற்றுள் ஒன்றுதான் நீலப் பொட்டு மீன் வண்டி.

உண்மையான மீன் வண்டிகள் அபர்டீன், கிரிம்ஸ்பி போன்ற துறைமுகங்களிலிருந்து பனிக்கட்டியில் வைத்த மீனை விரைந்து கொண்டு சென்றவை. வெயிலைத் திருப்பி அனுப்பி உள்ளே குளிர்ச்சியைக் காப்பதற்காக அவற்றுக்கு வெள்ளை வண்ணம் பூசினர். சக்கரங்களுக்கு உருளைத் தாங்கிகள் பொருத்தப்பட்டவை என்பதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் ஒரு நீலப் பொட்டு இட்டனர். பொம்மையும் அவ்வாறே வெள்ளைப் பிளாஸ்டிக்கில், நீலப் பொட்டுடன் வந்தது. வெயிலை வெல்வதற்கென்று உண்மை வண்டி வெள்ளை பூண்டது. அந்த வெள்ளையே பொம்மையில் வெயிலுக்குத் தோற்றுப் போனது. இது விந்தையன்றோ?

தோற்ற விதத்தை வேதியியல் கூறும். பாலிஸ்டைரீன் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அச்சங்கிலியின் பிணைப்புகளை ஆங்காங்கே அறுக்கின்றன. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்கிறது. அதனால் உண்டாகும் புதிய அமைப்புகள் நீல ஒளியை விழுங்கிக் கொள்கின்றன. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சங்கிலிகள் அறுபடுவதால் பொருள் நொறுங்கும் தன்மையும் அடைகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும். இருட்டு தாமதப்படுத்தும், ஆனால் முற்றிலும் நிறுத்தாது. சன்னலோரம் பல ஆண்டுகள் நின்ற பெட்டியில் வெளிச்சம் பட்ட பக்கம் ஒரு நிறமாகவும், மறுபக்கம் வேறு நிறமாகவும் இருப்பது இதனால்தான்.

இனி, வெளுப்பதற்கு வருவோம். 2008ஆம் ஆண்டு, பழைய கணிப்பொறிகளில் ஆர்வமுள்ள சிலர் மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்துப் புற ஊதா ஒளியில் வைத்தால் வெள்ளையாகிறது என்று கண்டனர். அந்த முறை பொம்மை இரயில் உலகிலும் நுழைந்துவிட்டது.

வெளுக்கலாம் என்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "செய்தவர் வெள்ளையாகத்தான் செய்தார். கிறிஸ்துமஸ் அன்று பொட்டலத்தைப் பிரித்த குழந்தை வெள்ளையைத்தான் கண்டு மகிழ்ந்தது. அந்த வெள்ளையைத் திருப்பித் தருவது எப்படித் தவறாகும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அந்தக் குழந்தைகள் இன்று எழுபது வயதைத் தொட்டவர்கள் என்பதை நினைத்தால் மனம் சற்று இளகவும் செய்கிறது.

ஆயினும் என் விடை இதுதான். பெராக்சைடு மேற்பரப்பிலுள்ள நிறத்தை மட்டுமே அழிக்கிறது. அறுந்த சங்கிலிகளை அது மீண்டும் இணைப்பதில்லை. நரைத்த தலைக்கு மை பூசினால் முடி கறுக்கும், வயது குறையுமா? பெட்டி வெள்ளையாகத் தோன்றும், ஆனால் அதன் நொறுங்கும் தன்மை அப்படியே இருக்கும். சில காலம் கழித்து மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. அதற்குள் அச்சிட்ட எழுத்தும் நீலப் பொட்டும் மங்கிப் போகக்கூடும். மஞ்சளான பெட்டியில் மீன் வண்டியின் கதை இருக்கிறது. பொட்டு அழிந்த வெள்ளைப் பெட்டியில் என்ன இருக்கிறது?

இரண்டாவது காரணம், அறிவு. 1950ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்காக இங்கிலாந்தில் ரோவெக்ஸ் நிறுவனம் செய்த இரயில் பொம்மைகள் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. காலப்போக்கில் அவை சுருங்கி வளைந்தன. அந்த வளைவை மறைக்காமல் வைத்திருந்தவர்களால்தான் அசிடேட் எவ்வாறு மூப்படைகிறது என்பதைப் பிறர் கண்ணால் காண முடிகிறது. பிளாஸ்டிக் நூறாண்டுகளில் என்னவாகும் என்று அறிய முற்படும் நாளைய மாணவிக்கு இந்த மஞ்சள் ஒரு சான்று. சான்றை அழிக்க நமக்கு உரிமை உண்டா?

மூன்றாவது காரணம், வாய்மை. வெளுத்த பெட்டியை "அப்படியே புதிது போல இருந்தது" என்று சொல்லி விற்றால், வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். விற்பவர் ஒரு சொல் பொய் சொல்லாவிட்டாலும், வாய்மூடி இருப்பதே பொய்யாகிவிடுகிறது. வெளுத்தே தீருவேன் என்பவர், வெளுத்தேன் என்று சொல்லியே கொடுக்கட்டும்.

அப்படியானால் ஒன்றுமே செய்யக் கூடாதா? செய்ய வேண்டியது நிறைய உண்டு. தூசியை மென்மையான தூரிகையால் தட்டலாம். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து, அச்சிட்ட இடங்களை விலக்கித் துடைக்கலாம். வெயிலும் வெப்பமும் படாத பெட்டியில் வைக்கலாம். எளிதில் நிறம் மங்கும் பொருள்களை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவே உள்ள மங்கிய ஒளியில் காட்டுகின்றன. அவர்கள் கடந்த காலத்தைத் திருப்புவதில்லை, எஞ்சியதைக் காக்கிறார்கள். வீரியமுள்ள பெராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கக் கூடியது என்பதையும் தங்கைமார் மறக்கலாகாது. வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மெக்கானோவின் லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979ஆம் ஆண்டு மூடப்பட்டது. அங்கே வார்த்த மீன் வண்டிகளோ இன்னும் பல அலமாரிகளில் நிற்கின்றன, வெண்ணெய் நிறத்தில், சில தேன் நிறத்தில். அவை பழுதாகவில்லை, மூத்திருக்கின்றன. மூப்பைத் துடைத்தெறிய முயலாமல், மூத்தவற்றை நிழலில் வைத்துப் பேணுவதே முறை என்பது என் தாழ்மையான கருத்து.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு