விடுதித் தண்ணீர் குறித்து ஒரு கல்லூரி முதல்வருக்கு

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

உங்கள் மகளிர் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியின் தகப்பன் நான். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் விடுதிப் பிள்ளைகள் பலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது. உடனே விடுமுறை விட்டு எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். ஆனால் அதனால் நோய் நம் கண்ணை விட்டு மறைந்ததே தவிர, நிற்கவில்லை.

அந்தக் கிருமி உடம்புக்குள் போன 15 முதல் 50 நாளுக்குள்தான் நோய் வெளியே தெரியும். தர்மபுரிக்கோ திருவாரூருக்கோ போன பிறகு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அங்குள்ள மருத்துவர் தனியாக ஒரு நோயாளியைத்தான் பார்ப்பார். எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்கள் என்பது யாருக்குத் தெரியும்? அறிகுறி தெரியும் முன்பே கிருமி மலத்தில் வெளியேறத் தொடங்கிவிடும் என்பதால் வீட்டிலிருப்பவர்களுக்கும் ஆபத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் போட்டு விசாரியுங்கள். பட்டியலை மாவட்டச் சுகாதார அலுவலரிடம் கொடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் வார்டன் ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தம்ளரில் முக்கிக் காட்டி, தண்ணீர் சுத்தம் என்றார். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும். சாக்கடை ஒரு சொட்டு கலந்தாலும் அதன் எண் அசையாது. 100 மில்லி குடிநீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. அதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. ஆர்.ஓ. குழாயில் மட்டும் மாதிரி பிடித்து அனுப்பாதீர்கள். பிள்ளைகள் பல் துலக்குவதும் தட்டு கழுவுவதும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில்தான்.

கூட்டம் முடிந்ததும் விடுதியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சம்ப் மூடி ஒரு மூலையில் உடைந்து, அதன்மேல் சாக்கு போட்டிருந்தது. பத்தடி தள்ளி செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே, இந்த வெயிலிலும் மண் காயாமல் சதசதவென்று இருந்தது. பம்ப் அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை வாய் திறந்து கிடந்தது. அப்படிக் கிடந்தால் அதன் வீரியம் போய்விடும். எவ்வளவு கொட்டியும் பயனில்லை.

முதலில் அந்த செப்டிக் டேங்க் கசிவை அடைத்துவிடுங்கள். சம்பையும் மொட்டைமாடித் தொட்டியையும் கழுவி, புதுப் பவுடர் கலந்து, அரை மணி நேரமாவது விட்டுக் குழாயைத் திறந்துவிடுங்கள். கடைசி மாடியின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். குளோரின் அளவைக் காட்டும் ஒரு குளோரோஸ்கோப் இருந்தால் தினமும் பார்த்து, அறிவிப்புப் பலகையில் எழுதிவிடலாம்.

உடைந்த சம்ப் மூடியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட மாணவியிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த உத்தரவை இன்றே திரும்பப் பெறுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் முதல் பாதியைச் செய்தவள் அவள்.

விடுதி திறக்கும் முன் ஆய்வக அறிக்கையின் நகலைப் பெற்றோர் எல்லோருக்கும் அனுப்புங்கள். அது வரும்வரை என் மகளை அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை