எலி மருந்து வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி சோப்புப் பெட்டியைப் பாருங்க

"எங்க வீட்ல எலியே கிடையாது டாக்டர்."

காய்ச்சலோடு, கண் சிவந்து, கெண்டைக்கால் வலியில் நொண்டிக்கொண்டு வருகிறவர்களிடம் வீட்டில் எலி உண்டா என்று கேட்டால் முதலில் வரும் பதில் இது. கூட வந்திருக்கும் வீட்டம்மாவைக் கேட்டால் வேற பதில் வரும். "சோப்பை மட்டும் ஏதோ கடிச்சு வைக்குது சார்."

நண்பர்களே, சோப்பைக் கடித்து வைப்பது எலிதான்.

கண்ணால் பார்த்தால்தான் எலி என்று நினைக்கிறோம். எலி இரவில் நடமாடும் உயிரினம், ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். பட்டப்பகலில் அடுப்படியில் ஓடுகிற எலியை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் உள்ளே ஒரு குடும்பமே செட்டில் ஆகிவிட்டது என்று அர்த்தம். கர்ப்பகாலம் சுமார் 3 வாரம்தான். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்திற்குள் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும்.

அந்த நிலைமைக்குப் போன பிறகுதான் நம்மாட்கள் பதறிப்போய்க் கடைக்கு ஓடுவார்கள், விஷம் வாங்க. இந்தப் பதிவு எழுதுவதே அதற்காகத்தான். எலி கொண்டுவரும் நோயும் ஆபத்துதான். ஆனால் எலியைக் கொல்ல நாம் வாங்கி வருகிற சரக்கு அதைவிட வேகமாகக் கொல்லும்.

முதலில் எங்க ஊர் விஷயம்.

தூத்துக்குடியில் வ.உ.சி. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் கப்பலைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போகிற கயிறுகளில் பெரிய தட்டு மாதிரி வட்டத் தகடு மாட்டியிருப்பார்கள். எலி கயிறு வழியாக ஏறவோ இறங்கவோ கூடாது என்பதற்காக. அதோடு, ஒவ்வொரு சர்வதேசக் கப்பலும் சுகாதாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், ஆறு மாதம்தான் செல்லும். 2007ல் புதிய சர்வதேச சுகாதார விதிகள் நடைமுறைக்கு வரும்வரை அந்தச் சான்றிதழுக்குப் பேரே எலி ஒழிப்புச் சான்றிதழ்தான்.

உலகம் ஏன் இவ்வளவு பயந்தது? பிளேக். 1896ல் பம்பாய், 1914ல் நமக்கு எதிர்க்கரையில் இருக்கிற கொழும்பு என்று துறைமுகம் துறைமுகமாகப் பரவிய நோய் அது. கப்பல்காரன் எலியைப் பார்த்த பிறகு தகடு மாட்டுவதில்லை, வருவதற்கு முன்பே மாட்டிவிடுகிறான். நம்ம வீட்டிலோ ஏசி பைப் போகிற ஓட்டை வருஷக்கணக்காகத் திறந்தே கிடக்கும்.

அதிலும் நம்ம கரையில் எலிக்கு என்ன குறை? கிடங்கில் தானியம், ஏலக்கூடத்தில் மீன் கழிவு, வீட்டு மச்சில் கருவாடு, மூலையில் குவித்து வைத்த வலை. தருவைகுளத்தில் இருந்து மணப்பாடு வரைக்கும் வலை வைத்திருக்கும் வீடுகளில் எலி வந்ததை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வலையைப் பிரிக்கிற ஆள்தான். மீன் கிழித்த கிழிசல் வேறு, எலி கடித்த ஓட்டை வேறு என்று அவருக்குக் கை தொட்டாலே தெரியும். மற்றவர்களுக்கு நான் சொல்கிறேன்.

புழுக்கை. இதுதான் முதல் சாட்சி. சுண்டெலி ஒரே நாளில் ஐம்பதுக்கு மேல் போடும், அதனால் ஒளிக்க முடியாது. சுண்டெலியுடையது நொய்யரிசி அளவு, கறுப்பாக இருக்கும். வீட்டெலியுடையது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டு முனையும் கூர்மை. பெருச்சாளியுடையது அதைவிடப் பெரியது. பலர் இதைப் பல்லி எச்சம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், எலிப் புழுக்கையில் இருக்காது. ஈரப்பசையோடு பளபளப்பாக இருந்தால் புதுசு. காய்ந்து வெளுத்து, தட்டினால் பொடியாகிறது என்றால் பழசு. எங்கே தேடுவது? கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு அடியில், அரிசி டிரம் பக்கத்தில், பரணில்.

அடுத்தது சுவர். எலி நடுக்கூடத்தில் நடக்காது, சுவரை உரசியபடியே தினமும் ஒரே வழியில் போய்வரும். அதன் உடம்பு எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து சுவர் ஓரத்திலும் பைப் ஓரத்திலும் கரிக்கோடு மாதிரி ஒரு பட்டை விழும். "டேம்ப் அடிச்சிருக்கு" என்று பெயின்டரைக் கூப்பிடுகிறவர்கள் ஒருமுறை அங்கே குனிந்து பாருங்கள்.

அப்புறம் பல். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் பசி இல்லாவிட்டாலும் கொறிக்கும். சோப்பு, மெழுகுவத்தி, தேங்காய், கதவின் கீழ் மூலை, வாஷிங் மெஷின் டியூப், பைக் ஒயர். புதுசாகக் கொறித்த மரம் வெளிர் நிறத்தில் இருக்கும், நாளாக ஆக கறுக்கும். காம்பவுண்டு ஓரம், சாக்கடைப் பக்கம் திடீரென்று மண் குவிந்திருந்தால் அது பெருச்சாளி வேலை.

சந்தேகமா? ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் ஓரம் கொஞ்சம் முகப் பவுடரைத் தூவி வையுங்கள். காலையில் கால் தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது.

(கீச்கீச்சென்று கத்திக்கொண்டு, நீள மூக்கோடு, ஒரு மாதிரி வாடை அடிக்கிற மூஞ்சூறு எலி இனமே கிடையாது. அது பூச்சி தின்கிற பிராணி. பிள்ளையார் வாகனம் இரண்டில் எது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.)

இப்போது நோய்க்கு வருவோம்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வெள்ளம் வந்தால் வளையில் இருக்கிற எலியும் மேட்டைத் தேடி நம்ம வீட்டுக்குத்தான் வரும். எலியின் சிறுநீரகத்தில் வாழும் லெப்டோஸ்பைரா கிருமி அதன் சிறுநீர் வழியாகத் தேங்கிய தண்ணீரில் கலக்கும். காலில் உள்ள வெடிப்பு, சின்னக் காயம், கண், வாய் வழியாக நமக்குள் நுழையும். இதுதான் எலிக்காய்ச்சல். எலி கடித்தால்தான் வரும் என்று நினைப்பது தவறு.

பொதுவாக 5 முதல் 14 நாளில் ஆரம்பிக்கும். கடுமையான காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, பீளை தள்ளாமல் கண் சிவப்பு. சிலருக்கு மஞ்சள் காமாலை வந்து சிறுநீர் குறையும். அந்தக் கட்டத்தில் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் மூன்றும் ஆபத்தில். ஆரம்பத்திலேயே வந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த ஆன்டிபயாட்டிக்கிலேயே சரியாகக்கூடிய நோய் இது. மெடிக்கலில் ரெண்டு பாராசிட்டமால் வாங்கிப் போட்டு நாலு நாள் ஓட்டுவதுதான் பிரச்சினை. டாக்டரிடம் போனால் "வீட்ல எலி இருக்கு, மழைத் தண்ணியில நடந்தேன்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். எலி இருப்பது அசிங்கம் என்று மறைக்காதீர்கள். மாளிகையிலும் எலி வரும்.

இனி விஷம்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். இது உள்ளே போனால் முதல் நாள் கொஞ்சம் வாந்தி, வயிற்று வலி. பிறகு ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாகவே இருப்பது போலத் தெரியும். குடும்பமும் நிம்மதியாகும். அதற்குப் பிறகுதான் கல்லீரல் செயலிழக்க ஆரம்பிக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. பற்பசை என்று நினைத்துப் பல் தேய்த்தவர்கள், எலிக்காகத் தடவி வைத்த தின்பண்டத்தை எடுத்துத் தின்ற பிள்ளைகள், ஒரு நிமிடக் கோபத்தில் கைக்கெட்டியதை எடுத்தவர்கள், எல்லோருக்கும் இதே கதைதான். தமிழக அரசு இந்தப் பேஸ்டுக்குத் தடை விதித்தது. என்னைக் கேட்டால் பல வருஷம் தாமதமாக வந்த நல்ல முடிவு. ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிற பழைய டியூபை அரசாணை வந்து எடுத்துப்போகாது.

2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் நடந்தது நினைவிருக்கும். எலித் தொல்லைக்கு ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்து வீட்டுக்குள் மருந்து வைத்தார்கள். ஏசி போட்டு உறங்கிய குடும்பத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஒரு வயதுப் பையனும் இறந்துபோனார்கள். பெற்றோர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அந்தப் பெற்றோர் காசு கொடுத்து, முறையாகச் செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மனிதன் உறங்குகிற வீட்டுக்குள் விஷம் வேண்டாம். சோப்பு கடிபட்ட அன்றே கவனித்தால் ஒரு எலிக்கூண்டும் ஒரு தேங்காய்ச் சில்லும் போதும். பிறகு ஓட்டையை அடையுங்கள். பென்சில் நுழைகிற சந்து சுண்டெலிக்கு வாசல். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள், அதைக் கொறிக்க முடியாது. துணியோ தெர்மோகோலோ வைத்தால் ஒரே ராத்திரியில் பாதை போட்டுவிடும். பசை அட்டையும் எனக்கு உவப்பில்லை. ஒட்டிக்கொண்டு தவிக்கிற எலி பயத்தில் சிறுநீர் கழிக்கும், அதைத்தான் நாம் கையால் எடுக்கப் போகிறோம். வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணாச்சிமார்களே, அரை மூட்டைகூட வேண்டாம், ரெண்டு சட்டி சிமென்ட் கலவை உங்கள் பொறுப்பு.

புழுக்கையை உலர்ந்த விளக்குமாறால் பெருக்காதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பேப்பரால் துடைத்தெடுங்கள்.

வீட்டில் யாராவது எலி மருந்தைச் சாப்பிட்டுவிட்டால், தவறுதலாகவோ வேண்டுமென்றோ, அளவு குறைவு, ஆள் தெம்பாக இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மருந்தின் அட்டையையும் எடுத்துக்கொண்டு அந்த மணி நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு 108ல் கூட்டிப்போங்கள். மனசு சரியில்லை என்றால் 104க்கோ 14416க்கோ எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, எப்போதும் வரும் கேள்வி. எலி கடித்தால் நாய்க்கடி ஊசி போடணுமா? வீட்டு எலி கடித்து ரேபிஸ் வருவது மிக மிக அரிது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள், டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர் சொல்வார். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு என்று எது வந்தாலும் எலி கடித்த தேதியைச் சொல்லிக் காட்டுங்கள்.