சிறுசேமிப்பாளரும் தப்பவில்லை

பிரிட்டனில் வசித்தாலும் நிரந்தரத் தாயகம் வேறு நாடு என்போருக்கு 1799 முதல் வழங்கப்பட்டுவந்த ‘நான்-டாம்’ வரிச்சலுகை, 2025 ஏப்ரல் 6 அன்று முடிவுக்கு வந்தது. வெளிநாட்டு வருமானத்தை பிரிட்டனுக்குள் கொண்டுவராதவரை வரி இல்லை என்னும் அந்த ஏற்பாடு, பெருஞ்செல்வந்தர்களுக்கே பெரிதும் பயன்பட்டது. அதன் நீக்கத்தை நான் வரவேற்கவே செய்தேன். ஆனால், உள்ளே கொண்டுவரப்படாத தொகை 2,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் தானாகவே கிடைத்துவந்த விலக்கும் உடன் போய்விட்டது. கோடீஸ்வரர்களைச் சுற்றியே சுழன்ற விவாதத்தில் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

அங்கு பணிபுரியும் நம் ஊர்ச் செவிலியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இந்திய வங்கியில் என்.ஆர்.இ. வைப்புநிதியாக 20 லட்சம் ரூபாய். ஏழு விழுக்காட்டில் ஆண்டு வட்டி 1.4 லட்சம், ஏறத்தாழ 1,200 பவுண்டு. இந்தியாவில் இதற்கு வரி இல்லை. ஆகவே, இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்கீழ் கழித்துக்கொள்ளவும் ஏதுமில்லை. அடிப்படை விகிதத்தில் வரி செலுத்துவோருக்கு வட்டியில் 1,000 பவுண்டு வரை விலக்கு உண்டு. எஞ்சிய 200க்கு வரி 40 பவுண்டு. புதிதாகக் குடியேறியோருக்கான நான்காண்டு விலக்கைக் கோரலாமே என்பீர்கள். கோரினால், 12,570 பவுண்டு வரையிலான தனிநபர் வரிவிலக்கு பறிபோகும். 40ஐ மிச்சப்படுத்த 2,500க்கு மேல் இழக்க வேண்டும்!

வரி சிறிதுதான், கணக்கில் காட்டத் தவறினால் வரும் தொல்லை சிறிதன்று. வங்கிக் கணக்கு விவரங்களை இந்தியா 2017 முதல் பிற நாடுகளுடன் பரிமாறி வருகிறது. பழைய 2,000 பவுண்டு வரம்பை மட்டும் மீட்டுத் தந்தால் பிரிட்டன் கருவூலம் வற்றிவிடாது.