எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

2015 பிப்ரவரி கடைசியில் ஓர் உடையின் புகைப்படத்துக்காக உலகம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் கோலன்சே தீவில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு உடுத்திக்கொள்ள மணப்பெண்ணின் அம்மா தேர்ந்தெடுத்த உடை அது. கடையிலேயே செல்பேசியில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியிருக்கிறார். படத்தைப் பார்த்த மணமக்களுக்குள் நிறம் பற்றி ஒத்துப்போகவில்லை. பிறகு அவர்களின் தோழி ஒருவர் அதை டம்ப்ளர் என்னும் இணையதளத்தில் போட, ஒரே இரவில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். வெள்ளையும் தங்கமும் என்றார்கள் ஒரு பக்கத்தார். நீலமும் கறுப்பும் என்றார்கள் மறுபக்கத்தார்.

அந்தச் சண்டையில் சாதி இல்லை, கட்சி இல்லை, கடவுள் இல்லை. ஒருவர் தோற்றால் இன்னொருவருக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. ஒரே அறையில், ஒரே செல்பேசியின் ஒரே திரையைப் பார்த்த கணவனும் மனைவியும்கூட ஒருவரையொருவர் ‘விளையாடுகிறாயா?’ என்று கேட்டார்கள். நாம் எல்லோரும் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டிய இடம் இது. எதிரிலிருப்பவர் வேறொன்றைப் பார்க்கிறார் என்று நமக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளிலிருந்து நண்பகல் வெயிலில் கண்ணுக்கு வரும் ஒளி வேறு. குண்டு பல்பின் அடியில் வரும் ஒளி வேறு. இரண்டு இடத்திலும் தாள் வெள்ளையாகவே தெரிவதற்குக் காரணம், மூளை வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை நமக்குத் தருவதுதான். அந்தப் புகைப்படத்தில் பின்னணி வெளிச்சம் வெளுத்துக் கிடந்தது. உடை எந்த வெளிச்சத்தில் தொங்குகிறது என்பதற்குத் தெளிவான தடயம் இல்லை. ஆகவே மூளை ஊகித்தது. நீலச் சாயல் கொண்ட பகல் நிழல் என்று ஊகித்த மூளை நீலத்தைக் கழித்தது. வெள்ளையும் தங்கமும் மிஞ்சின. மஞ்சள் விளக்கு என்று ஊகித்த மூளை மஞ்சளைக் கழித்தது. நீலமும் கறுப்பும் மிஞ்சின. பார்ப்பது என்பதே நம்மை அறியாமல் நடக்கும் ஓர் அனுமானம் என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஊகித்ததை மூளை ஊகம் என்று சொல்லித் தருவதில்லை. கண்ணால் கண்டதாகவே தருகிறது. நம் நிச்சயங்கள் பலவற்றின் பிறப்பு இப்படித்தான் என்று நினைக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் அச்சமாகவே இருக்கிறது.

ஏன் ஒருவர் இப்படியும் இன்னொருவர் அப்படியும் ஊகிக்கிறார்கள்? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விடியலில் எழுந்து பகல் வெளிச்சத்தில் அதிகம் புழங்குகிறவர்களிடையே வெள்ளை-தங்கம் பார்த்தவர்கள் சற்றுக் கூடுதல். இரவில் விழித்திருக்கிறவர்களிடையே குறைவு. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் இருந்தது. அடுத்து அவரும் சகாக்களும் இளஞ்சிவப்பு ரப்பர் காலணியையும் வெள்ளைக் காலுறையையும் பச்சை விளக்கின் கீழ் படமெடுத்துக் காட்டினார்கள். காலுறை வெள்ளையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டவர்களுக்குக் காலணி இளஞ்சிவப்பாகவே தெரிந்தது. மற்றவர்களுக்குச் சாம்பல் காலணியும் பச்சைக் காலுறையும். வாழ்ந்து பழகிய வெளிச்சமும் முன்பே அறிந்த பொருளும் நம் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

அவரவர் பார்வை அவரவர் உண்மை என்று இதை முடித்துவிடுவது சோம்பேறித்தனம். அந்த உடை நிஜத்தில் நீலமும் கறுப்பும்தான். ஜவுளிக்கடையில் நம் பெண்கள் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். குழல்விளக்கின் கீழ் கண் சொன்னதை அவர்கள் நம்பிவிடுவதில்லை. இணையத்தில் அந்த வாசல் இல்லை. யாரோ எங்கோ எடுத்த படம், முன்பின் அறுபட்டு, எல்லோர் கைக்கும் ஒரே பளபளப்போடு வந்து சேர்கிறது. விட்டுப்போன வெளிச்சத்தை அவரவர் அனுபவத்திலிருந்து நிரப்பிக்கொள்கிறோம். உடைக்குப் பதில் ஒரு கலவரத்தின் பன்னிரண்டு விநாடிக் காட்சி வரும்போதும் இதையேதான் செய்கிறோம்.

இன்னொன்று எங்களை அதிகம் உறுத்துகிறது. நிறப் பார்வையை ஆராயும் பெவில் கான்வேயும் சகாக்களும் 1,401 பேரிடம் அந்த உடையை அவரவர் சொற்களில் விவரிக்கச் சொன்னார்கள். 57 சதவீதம் நீலம்-கறுப்பு, 30 சதவீதம் வெள்ளை-தங்கம். 11 சதவீதத்தினர் நீலமும் பழுப்பும் என்றார்கள். மீதி 2 சதவீதம் வேறு ஏதேதோ. இணைய வாக்கெடுப்புகளில் இரண்டே பொத்தான்கள் இருந்தன. நீலமும் பழுப்பும் கண்டவர் அங்கே எதை அழுத்தியிருப்பார்? பத்தில் ஒருவர் தாம் கண்டதைக் கைவிட்டு ஏதோ ஓர் அணியில் போய் நிற்க வேண்டியிருந்தது. கேட்பவர் இரண்டு பெட்டிகளோடு வந்தால் மூன்றாவது பார்வை எண்ணிக்கையிலிருந்தே மறைந்துபோகிறது. ஆதரவா எதிர்ப்பா, நம்மவரா அவர்களா என்று இன்று ஒவ்வொரு கவிதையிடமும் ஒவ்வொரு சாவிடமும் கேட்கப்படுகிற கேள்வியில் எங்களுக்கு அந்த இரண்டு பொத்தான்களே தெரிகின்றன. சிற்றிதழ் நடத்துவது அந்தப் பதினொரு சதவீதத்தினருக்கு எழுத ஒரு பக்கம் தருவதற்காகவே என்று நம்புகிறோம்.

இந்த இதழின் கதைகளையும் கவிதைகளையும் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்தாமல் எந்த ஊரில், எந்த வயதில், எதையெல்லாம் படித்துவிட்டு இந்தப் படைப்புக்கு வந்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். ஒன்றையொன்று மறுக்கும் கடிதங்களை அடுத்த இதழில் அருகருகே, வெட்டாமல் வெளியிடுகிறோம்.