வெறும் முட்டையும் வேண்டும்

சீனப் புத்தாண்டு அலங்காரங்கள் இறங்கிய கையோடு, சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் பளபளக்கும் தாள் சுற்றிய சாக்லெட் முட்டைகளும் முயல்களும் வந்துவிடுகின்றன. எங்களைப் போன்ற கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கு ஈஸ்டர் முதலில் அறிமுகமாவது பெரும்பாலும் அங்கேதான். சாக்லெட்மீது எனக்குப் பகை இல்லை. இருபது வயதிலும் எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆனால், வீட்டில் கொண்டாடும் ஈஸ்டர் அந்த முட்டையோடு முடிந்துவிட்டால், பிள்ளைகளுக்குப் பாதிக் கதைதான் போய்ச் சேர்கிறது.

மறுபாதி வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. “சின்னப் பிள்ளைங்க, பயந்துடுவாங்க” என்று சொல்லிப் பெரியவர்கள் பலர் புனித வெள்ளியைத் தாண்டி நேராக ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுகிறார்கள். சாவைப் பற்றிப் பேசாமல் உயிர்ப்பைக் கொண்டாடினால் அதில் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? யாரும் இறக்காத கதையில் யார் எழுந்து வருவது?

ஆணியையும் இரத்தத்தையும் நான்கு வயதுப் பிள்ளைக்கு வருணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயேசு இறந்தார், அவருடைய நண்பர்கள் அழுதார்கள், கல்லறையைப் பெரிய கல்லால் மூடினார்கள் என்பதே போதும். அழுகை என்றால் என்னவென்று அந்த வயதிலேயே பிள்ளைகளுக்குத் தெரியும்.

என் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. எங்கள் வீட்டில் திறந்து மூடும் பிளாஸ்டிக் முட்டைகள் ஐந்தை ஒரு கூடையில் வைப்போம். குருத்தோலை ஞாயிறன்று திறக்கும் முதல் முட்டையில் ஓலைத் துண்டு இருக்கும். பெரிய வியாழனன்று ஒரு துண்டு ரொட்டி, வெள்ளியன்று இரண்டு குச்சிகளை நூலால் கட்டிய சிலுவை. சனிக்கிழமை முட்டையில் ஏலக்காயும் கிராம்பும் இருக்கும். இயேசுவின் உடலுக்குப் பூச நறுமணப் பொருள்கள் வாங்கிக்கொண்டு பெண்கள் கல்லறைக்குப் போனார்கள் அல்லவா, அதற்காக. ஞாயிறு காலை திறக்கும் ஐந்தாம் முட்டையில் ஒன்றும் இருக்காது.

“ஒண்ணுமே இல்லையே!” என்பான் சின்னவன். அந்தப் பெண்களும் அதைத்தான் கண்டார்கள் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஏழு வயதுக்காரிக்கு இந்த ரகசியம் முன்பே தெரியும். தம்பியிடம் சொல்லாமல் இருக்க அவள் படும் பாடு தனி.

முட்டைக்கும் இந்தத் திருநாளுக்கும் உள்ள உறவு கடைக்காரர்கள் உண்டாக்கியதன்று. இடைக்கால ஐரோப்பாவில் நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகளுக்கு நோன்பு தெரியாது. அவை முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. சேர்ந்த முட்டைகள் ஈஸ்டர் அன்று விருந்தாயின. பிரிட்டனின் முதல் சாக்லெட் முட்டையை ஃப்ரை நிறுவனம் 1873ல்தான் செய்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வீடுகளில் முட்டைக்குச் சாயம் ஏற்றினார்கள். அந்த வேலைக்கு நம் சமையலறையே போதும். வெங்காயத் தோலோடு வேகவைத்தால் முட்டை செம்பழுப்பாகும், மஞ்சள்தூளில் ஊறினால் மஞ்சளாகும், சங்குப்பூச் சாற்றில் நீலமாகும். அந்த நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து அது ஊதாவாக மாறுவதைக் காட்டுங்கள். நீங்கள் படித்த வேதியியல் அன்று பிள்ளைகளுக்கு வேடிக்கையாகும்.

இதையெல்லாம் தமிழில் செய்ய வேண்டும் என்பது என் இன்னொரு கருத்து. பிள்ளைகள் பார்க்கும் பைபிள் காணொளிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தேவாலயத் தமிழோ அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நடுவில் நிற்பவர்கள் இரு மொழியும் படித்த நாம்தான். ‘உயிர்த்தெழுதல்’ என்பது பெரிய சொல் என்று தோன்றும். ஆனால், ‘உயிர்’ என்பதை உயிரெழுத்து வழியாகப் பிள்ளைகள் பாலர் பள்ளியிலேயே கேட்டுவிட்டார்கள். ‘எழுந்திரு’ என்பதைத் தினமும் காலையில் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் சொல் தானாகத் திறந்துகொள்ளும்.

கடந்த ஆண்டு என் பாட்டி காலமானார். பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய பாட்டி’. இந்த ஆண்டு புனித வெள்ளியன்று சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு, “பெரிய பாட்டியும் ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்களா, அத்தை?” என்று அண்ணன் மகள் கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அண்ணன் சொன்னார்: “இந்த ஞாயிறு வர மாட்டாங்கம்மா. கடவுள்கிட்ட இருக்காங்க, ஒருநாள் பார்ப்போம்னு நம்புறோம். அதுவரைக்கும் நமக்கு அவங்க ஞாபகம் வரும், அழுகையும் வரும்.” அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பாட்டியின் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டாள். எடுத்துக் காட்டினோம்.

பல மாதங்களாக அந்தக் கேள்வி அவளுக்குள் இருந்திருக்க வேண்டும். சாக்லெட் முட்டை மட்டும் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. வெள்ளிக்கிழமையைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

“தேவாலயத்தில் சொல்லித் தருவார்களே, வீட்டில் எதற்கு?” என்று கேட்கலாம். 2020ல் ஈஸ்டர் ஏப்ரல் 12ஆம் தேதி வந்தது. கொவிட்-19 முறியடிப்பு நடவடிக்கைகள் தொடங்கி ஐந்து நாள்களே ஆகியிருந்தன, தேவாலயங்கள் மூடியிருந்தன. 1888ல் கட்டப்பட்ட ஓஃபிர் சாலை லூர்து அன்னை தேவாலயத்துக்கு வழக்கமாகச் செல்லும் நாங்கள், அன்று வரவேற்பறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே மெழுகுவத்தியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவரும் ஒளி பெற்றோம். வீடும் இந்தத் திருநாளைத் தாங்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். தேவாலயத்துக்கு மாற்றாக அன்று. அங்கே கேட்டதைப் பிள்ளைகள் நிதானமாகக் கேள்வி கேட்கும் இடமாக.

நேரம் இல்லை என்பது மாணவர்களாகிய நம் வழக்கமான பதில். உண்மைதான், ஈஸ்டர் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குச் சற்று முன்னால் வருகிறது. 1968ல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசத்தோடு ஈஸ்டர் திங்களும் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஆனால், ஒரு முட்டையைத் திறந்து கதை சொல்லப் பத்து நிமிடம் போதும். அண்ணனும் அண்ணியும் வேலை முடிந்து களைத்து வரும் வீட்டில், அந்தப் பத்து நிமிடத்தைத் தரக்கூடியவர்கள் நாம்தான்.

இது கிறிஸ்துவர்களுக்கு மட்டுமான பேச்சும் இல்லை. உங்கள் வீட்டுச் சிறு பிள்ளைக்குத் தீபாவளி என்றால் புதுத்துணியும் பலகாரமும் மட்டும்தானா, நோன்புப் பெருநாள் என்றால் பச்சை உறையில் வரும் பணம் மட்டும்தானா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த பண்டிகைக்கு முந்தைய மாலை, கைப்பேசியை அறையில் வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கதையின் சோகமான பகுதியையும் சொல்லுங்கள். பிறகு அவர்கள் கேட்கும் கேள்விக்குக் காத்திருங்கள்.