சிம்ஸ்: நாம் ஏங்குவது அந்த வீட்டுக்கா, வீட்டுக்குள் இருந்தவர்களுக்கா?

2025 ஜனவரி 31 அன்று, 25 வயதான ஒரு கம்ப்யூட்டர் கேம் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. பெயர் ‘தி சிம்ஸ்’. அதில் துப்பாக்கி கிடையாது, பந்தயம் கிடையாது, ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. ஒரு காலி மனை, கையில் கொஞ்சம் பணம், ஒரு குடும்பம். வீட்டைக் கட்டி அவர்களை வாழவைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாயிரங்களில் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்து, இதை விளையாடியவர்களுக்கு அந்தச் செய்தியைப் பார்த்ததுமே காதில் ஒரு பியானோ இசை ஓடியிருக்கும். வீடு கட்டும்போது பின்னணியில் வருமே, அதே இசை.

நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏக்கத்தில் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. அன்று மௌஸை இழுத்து இழுத்துச் சுவர் எழுப்பியவர்கள், இன்று வீட்டுக்கடன் படிவத்தில் கையெழுத்துப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கேம் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தது, அதில் எதை வசதியாக மறந்துவிட்டோம் என்று பார்க்க இதுதான் சரியான நேரம்.

எரிந்த வீட்டிலிருந்து பிறந்த விளையாட்டு

சிம்ஸை உருவாக்கியவர் வில் ரைட். 1989-ல் வந்த ‘சிம்சிட்டி’ என்ற நகரம் கட்டும் விளையாட்டால் அவர் ஏற்கெனவே பிரபலம். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு சாம்பலாகிவிட்டது. கரண்டியிலிருந்து கட்டில் வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டிய நிலை. ஒரு மனிதன் வாழ உண்மையில் எவ்வளவு பொருள் வேண்டும், எதை முதலில் வாங்குவான் என்ற அந்த யோசனைதான் சிம்ஸுக்கு விதை.

ஆரம்பத்தில் இது மனிதர்களைப் பற்றிய விளையாட்டாகவே திட்டமிடப்படவில்லை. வீடு வடிவமைக்கும் விளையாட்டாகத்தான் தொடங்கியது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் சகாக்களும் 1977-ல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் லாங்குவேஜ்’ என்ற புத்தகத்தின் தாக்கம் ரைட்டுக்கு இருந்தது. சரி, கட்டிய வீடு நல்ல வீடா இல்லையா என்று யார் மதிப்பெண் போடுவது? அதற்காகத்தான் அந்தக் குட்டி மனிதர்களை உள்ளே விட்டார். அவர்கள் சௌகரியமாக இருந்தால் வீடு பாஸ், இல்லையென்றால் ஃபெயில். மார்க் போட வந்தவர்களே கடைசியில் கதாநாயகர்கள் ஆகிவிட்டார்கள்.

‘பொம்மை வீட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?’ என்ற சந்தேகம் நிறுவனத்துக்கு உள்ளேயே இருந்தது. 2000 பிப்ரவரி 4 அன்று விளையாட்டு வெளியானது. 2002-க்குள், அதுவரை உலகில் அதிகம் விற்ற கம்ப்யூட்டர் விளையாட்டான ‘மிஸ்ட்’டை அது முந்திவிட்டது.

நம்ம ஊருக்கு ஏன் ஒட்டிக்கொண்டது?

அந்தக் காலத்து கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று ஞாபகம் இருக்கும். முன்னறையில் துணி போர்த்திய பெரிய மானிட்டர், பக்கத்தில் கீச்சென்று கத்தும் யுபிஎஸ். தெருவில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் வந்தால் அது பாதித் தெருவுக்குச் சொந்தம். கரண்ட் போய்விடுமே என்ற பயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்துகொண்டே விளையாடிய தலைமுறை நாம்.

ரோட் ரேஷ், வைஸ் சிட்டி மாதிரி விளையாட்டுகளுக்குத்தான் இங்கே கூட்டம் அதிகம். ஆனால் அவற்றில் விருப்பமில்லாதவர்களையும் சிம்ஸ் இழுத்தது. உலக அளவிலும் பெண்களைப் பெருமளவில் ஈர்த்த விளையாட்டு இது. மொழியும் தடையாக இல்லை. சிம்கள் பேசியது இங்கிலீஷ் கிடையாது. ‘சிம்லிஷ்’ என்ற அர்த்தமில்லாத ஒலிமொழி. கோபமா, கொஞ்சலா என்பது தொனியிலேயே தெரிந்துவிடும். அமெரிக்கப் பையனுக்கும் ஆரல்வாய்மொழிப் பிள்ளைக்கும் அது ஒரே அளவுதான் புரிந்தது.

எட்டுப் பட்டைகள் போட்ட கணக்கு

குடும்பம் குடியேறும்போது கையில் 20,000 சிமோலியன். சிமோலியன் என்பது அந்த உலகத்துப் பணம். மனை வாங்கி, நாலு சுவர் எழுப்பி, கட்டிலும் அடுப்பும் வாங்கினால் கை காலியாகிவிடும்.

அடுத்து கீழே எட்டுப் பட்டைகள் தெரியும். பசி, சொகுசு, சுத்தம், கழிவறை, தெம்பு, பொழுதுபோக்கு, ஆள்பழக்கம், அறை. பச்சையாக இருந்தால் நிம்மதி. சிவப்பானால் அந்தச் சிம் கையை ஆட்டிக் கத்தும்.

இதில் கவனிக்க வேண்டியது, வீட்டின் அழகைக் காட்டும் பட்டை எட்டில் ஒன்றே ஒன்று, அந்த ‘அறை’. வீட்டை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் மற்றப் பட்டைகள் தானாக நிரம்பாது. சொல்லப்போனால் பெரிய வீட்டில் நிலைமை மோசமாகும். படுக்கையிலிருந்து குளியலறைக்கு நடப்பதிலேயே நேரம் போகும், ஆபீஸ் கார் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். வீட்டின் மதிப்பு ஏற ஏற பில்லும் ஏறும். வாங்கிய பொருள் நாளுக்கு நாள் விலை இறங்கும், ரிப்பேர் ஆகும். நேரத்தை மிச்சப்படுத்த வாங்கிய பொருளே நேரத்தைத் தின்னும்.

வேலையில் பதவி உயர்வு வேண்டுமென்றால் திறமை மட்டும் போதாது, குறிப்பிட்ட எண்ணிக்கையில் நண்பர்கள் வேண்டும். அந்த நட்பும் போன் பண்ணாமல், வீட்டுக்குக் கூப்பிடாமல் விட்டால் நாளுக்கு நாள் குறையும். காலிங் பெல் அடிக்கும் பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே கூப்பிடாத சிம் கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து அழும்.

காசுக்குக் குறுக்குவழியும் இருந்தது. ‘ரோஸ்பட்’ என்று டைப் செய்தால் ஒவ்வொரு முறையும் 1,000 சிமோலியன் வரும். அரை மணி நேரத்தில் அரண்மனை கட்டிவிடலாம். ஆனால் அரண்மனை கட்டிய மறுநாளே விளையாட்டு போரடித்ததையும் நினைத்துப் பாருங்கள்.

கட்டும்போது காலம் நிற்குமா?

வெளிநாட்டுக்கு அதிகம் பேர் வேலைக்குப் போகும் தமிழக மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. வளைகுடா, திருவனந்தபுரம் டெக்னோபார்க், பெங்களூரு, சென்னை என்று பிள்ளைகள் போன பாதைகள் பல. எல்லோருடைய கனவும் ஒன்றுதான், ஊரில் ஒரு வீடு. மூன்று பெட்ரூம், மாடி, இரண்டு கார் நிற்க இடம். பால்காய்ப்புக்கு ஊரே வரும். பத்து நாள் கழித்து ஏர்போர்ட். பிறகு அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். மாடிக்கு ஏற முட்டி ஒத்துழைக்காது. மாடி அறைகள் பூட்டியே கிடக்கும். எதிரே வருபவர்கள் கேட்பது ஒரே கேள்விதான், “பிள்ளைய எப்பம் வருது?”

சிம்ஸில் ‘பில்ட் மோட்’ போனால் காலம் நின்றுவிடும். சுவர் எழுப்பி முடிக்கும்வரை யாருக்கும் பசிக்காது, யாரும் தனிமையில் வாட மாட்டார்கள். முதல் சிம்ஸில் பெரியவர்களுக்கு வயதே ஆகாது, பள்ளிப் பிள்ளை பள்ளிப் பிள்ளையாகவே இருக்கும். வயதாவதும் முதுமையும் 2004-ல் வந்த ‘சிம்ஸ் 2’-ல்தான் சேர்ந்தன. நம்மில் பலர் முதல் சிம்ஸின் விதியை நம்பி வாழ்கிறோம். ‘முதலில் கட்டி முடிப்போம், அப்புறம் வந்து வாழ்வோம்’ என்கிறோம். நாம் கட்டும்போது காலம் நிற்பதில்லை. ஊரில் அம்மாவின் ஆள்பழக்கப் பட்டை சிவப்பாகிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. விளையாட்டில் காலி மனை என்றால் வெறும் பச்சைக் கட்டம், அதற்கு முன்கதை கிடையாது. நாஞ்சில் நாட்டில் ஐந்து சென்ட் மனைக்கும் முன்கதை உண்டு. பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல் வழியாக வந்து பாய்ந்த வயல்களில் எத்தனையோ இன்று கல் நட்ட மனைகள். ஆண்டில் பத்து நாள் விளக்கெரியும் ஒரு வீட்டுக்காக, ஆண்டு முழுக்கச் சோறு போட்ட நிலம் போகிறது. அதை யோசித்தால் கணக்கு இடிக்கவில்லையா?

பெரிய வீடு வெறும் பந்தாவா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாடி வீடு கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு 19-ஆம் நூற்றாண்டில்கூட இருந்தது. குடை பிடிக்கவும் செருப்பு போடவும் தடை இருந்த மண் இது. அப்படிப்பட்ட ஊரில் பேரனோ பேத்தியோ எழுப்பும் மாடிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. நம் கேள்வி மாடி வேண்டுமா என்பதில்லை, அந்த மாடியில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதுதான்.

பழைய ஓட்டு வீட்டையும் திண்ணையையும் நினைத்து உருகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிம்ஸில் பசித்தவர் சமைப்பார், அப்பா சிம்மும் பாத்திரம் கழுவுவார். நாம் ‘கலகலன்னு இருந்த வீடு’ என்று சொல்லும் வீடுகளில், வந்தவர்களுக்கெல்லாம் மரச்சீனி அவித்து, கட்டன் சாயா போட்டுக்கொண்டு அடுக்களையிலேயே ஒருத்தி நின்றாள். அவளுடைய தெம்புப் பட்டையை யாரும் பார்க்கவில்லை. ஆள் கூடும் வீடு மறுபடி வேண்டுமென்றால், அடுக்களை வேலையையும் எல்லோரும் பகிர வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

பழைய சிம்ஸை வாங்கி விளையாடலாம், தப்பில்லை. ஆனால் வீட்டு பிளான் கைக்கு வந்ததும் ஒருமுறை அந்த எட்டுப் பட்டைகளை வைத்து அதைப் பாருங்கள். ஆண்டில் எத்தனை நாள் இதில் தங்கப்போகிறோம்? தினமும் யார் பெருக்குவார்கள்? அப்பா அம்மாவின் படுக்கையறையும் குளியலறையும் தரைத்தளத்தில் இருக்கின்றனவா? தெருவில் போகிறவர் நின்று பேச வாசலில் ஒரு திண்ணை இருக்கிறதா, இல்லை ஆளுயரக் காம்பவுண்டு சுவர் மட்டுமா? வயலை வாங்குவதற்குப் பதில் பழைய வீட்டையே சரிசெய்ய முடியுமா? ஒரு அறையைக் குறைத்தால் மாதத் தவணை எவ்வளவு குறையும், அந்தப் பணத்தில் ஆண்டுக்கு எத்தனை முறை கூடுதலாக ஊருக்கு வரலாம்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். தவணை கட்டுவதற்காகவே ஊருக்கு வர முடியாமல் போகும் வீடு, நமக்காகக் கட்டிய வீடு இல்லை.

சிம்ஸ் நமக்கு ஏன் இன்னும் இனிக்கிறது? கிராஃபிக்ஸுக்காக இல்லை. இன்றைய போன் விளையாட்டுகளில் அதைவிட அழகான வீடுகள் இருக்கின்றன. அதில் வீட்டுக்குள் எப்போதும் ஆள் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார், தெருப்பிள்ளைகள் நாமும் ஒரே மானிட்டர் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அந்த ஏக்கமும் ஒரு சிவப்புப் பட்டைதான். அதைப் பச்சையாக்க இன்னொரு மாடி தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு போன், அடுத்த லீவுக்கு ஒரு டிக்கெட். அதிலிருந்து தொடங்கலாம்.